அத்தர் பூசிய மெழுகுத் துண்டு

ஆலங்குடா,
செப்டம்பர் 18.

அன்புள்ள ஷிம்லாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகளும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். நீங்களும் அந்த டோஹா வெயிலில் நேரத்துக்குத் தண்ணீர் குடித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

தினமும் கோல் எடுக்கிற மனிசனுக்கு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். உங்கள் அறையில் எட்டுப் பேர். நான் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அங்கே பதினாறு காது கேட்கிறது. என் நெஞ்சில் இருந்த கட்டியைப் பற்றி அப்படி ஊரறியக் கதைக்க எனக்கு வெட்கம். அதோடு, போனில் நான் பாதி சொல்லும்போதே நீங்கள் அழத் தொடங்கிவிடுகிறீர்கள். பிறகு நான்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை டோஹா வருகிற அக்மலிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். அவருடைய பையில் கட்டாக் கருவாடும் மாசிச் சம்பலும் இருக்கின்றன. சம்பலை அறையில் எல்லோருக்கும் கொடுங்கள், கடிதத்தை மட்டும் தனியாக இருந்து வாசியுங்கள்.

பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே எழுதினால் மீதியை நீங்கள் வாசிக்க மாட்டீர்கள், உங்களை எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பயப்பட வேண்டாம். பகலைக்கு மீனாணமும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் கிளினிக்குக்குப் போனேன் அல்லவா. அங்கே டொக்டர் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மற்ற ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். எந்த ரிப்போர்ட் என்று நான் திருப்பிக் கேட்டேன். எடுத்த கட்டி புற்றுநோய் என்று மட்டும் தெரிந்தால் போதாதாம். அது எந்த வகைப் புற்று என்று தெரிய வேண்டுமாம். அதற்காகக் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, நீங்கள் ஊரில் நின்றபோது உங்கள் கையில் கொடுத்தார்களாம், கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி. அந்தத் துண்டு எங்கே என்று டொக்டர் கேட்டார்.

வராந்தாவில் நின்றுகொண்டு உங்களுக்குக் கோல் எடுத்தேன். நீங்கள் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. "அத உம்மாட பக்கத்துல அடக்கிட்டன் ஸும்ரா. நீ கவலப்படாத, துஆ ஓதித்தான் வெச்சன்." நான் சரி, பரவாயில்லை என்று சொல்லிக் கோலை வெட்டினேன். அது பரவாயில்லாத விஷயம் இல்லை. அப்போது அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால் அன்று முழுக்க உங்கள்மேல் எரிச்சலாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது நுரைச்சோலை வரைக்கும் மனதுக்குள் உங்களை ஏசிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அலுமாரியைக் கிளறியபோது, உங்கள் பழைய பாஸ்போட்டுக்குள் அந்தத் துண்டோடு வந்த கடிதம் மடித்து வைத்திருந்தது. ஷிம்லாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். முழுக்க ஆங்கிலம். இணைத்து அனுப்பும் துண்டில் இன்ன இன்ன சோதனை செய்து தரவும் என்று எழுதியிருந்தது. ஆங்கிலம் வாசிக்கிற மகள் வீட்டில் இருந்தும் நீங்கள் ஏன் காட்டவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் எனக்கு என்ன நோய் என்று அவளுக்கு நாம் சொல்லியிருக்கவில்லை.

ரிப்போர்ட் வந்துவிட்டது, இனி இந்தச் சதையால் என்ன வேலை, பெண்சாதியின் உடம்பில் ஒரு பங்கைக் குப்பையில் போட விடுவேனா என்று நினைத்திருப்பீர்கள். வெட்டிய நகத்தையே மண்ணில் புதைக்கிற மனிசன் நீங்கள். டோஹா பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, எனக்கும் சொல்லாமல், விடியச் சுபஹு தொழுதுவிட்டு மையவாடிக்குப் போய், உங்கள் உம்மாவை அடக்கிய இடத்தில் புதைத்திருக்கிறீர்கள். அதை நினைத்ததும் என் எரிச்சல் எல்லாம் போய், இருந்த இடத்திலேயே அழுதேன்.

இன்னொரு முறை ஊசி குத்தி எடுக்க முடியாதா என்று டொக்டரிடம் கேட்டிருந்தேன். கட்டி முழுவதையும்தான் எடுத்தாயிற்றே, குத்தி எடுக்க உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்றார். அது சாதாரணக் கட்டி என்று நினைத்து எடுத்ததால், ஒன்றிரண்டு துண்டைத்தான் மெழுகில் பதித்து வைத்தார்களாம், நோய் பிடித்த பகுதி அந்த ஒரு மெழுகுத் துண்டில் மட்டும்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் வகை தெரியாமல் ஊகத்தில்தான் மருந்து கொடுக்க வேண்டும், தேவையோ இல்லையோ கடுமையான மருந்துதான் கொடுப்போம் என்றார். என் உயிர், மாமியின் கபுறுக்குப் பக்கத்தில் கிடந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் இனாஸை மௌலவியிடம் அனுப்பினேன். உங்கள் தம்பி காற்றுப் பருவத்தில், கடலில் பட்டம் கட்டிச் சறுக்குகிற வெள்ளைக்காரருக்குப் பட்டம் பிடித்துக் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு, கடல் மணல் ஒட்டிய காலோடு ஓடினார். மௌலவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மரியாதைக்காக அடக்கியதை உயிருக்காக எடுப்பதில் தவறில்லை, தாமதிக்க வேண்டாம் என்று சொல்லி, பள்ளியில் இருந்த மண்வெட்டியையும் கொடுத்து விட்டார்.

பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கம் இல்லை என்பதால் நான் மதிலுக்கு வெளியே நின்றேன். இனாஸ் உள்ளே போய், மாமியின் தலைமாட்டில், அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டைக்குப் பக்கத்தில் தோண்டினார். ஒன்றும் இல்லை. வலப்பக்கம் தோண்டினார். அங்கேயும் இல்லை. உங்களிடம் கேட்கட்டுமா என்று போனை எடுத்தார். நான்தான் தடுத்தேன். துண்டு கிடைக்காமல் போனால், அல்லது கிடைத்தும் கெட்டுப்போயிருந்தால், அந்தப் பாரத்தை நீங்கள் அங்கே தனியாகச் சுமக்க வேண்டும். அது மட்டும் வேண்டாம் என்று நினைத்தேன். "கால்மாட்டில பாருங்க தம்பி" என்று மதிலுக்கு மேலால் சொன்னேன். உங்கள் உம்மாவிடம் ஒன்றை ஒப்படைப்பதென்றால் நீங்கள் காலடியில்தான் வைப்பீர்கள். ஒரு முழ ஆழத்தில் இருந்தது.

வெள்ளைத் துணியில் மூன்று முடிச்சு. உள்ளே ஒரு சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் கூடு, அதில் இலக்கம், கூட்டில் பதித்த மெழுகு, மெழுகுக்குள் நகத்தளவு சதை. அவ்வளவுதான் நான். அதைக் கையில் வைத்துப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. மண் குளிர்ச்சியாக இருந்ததால் மெழுகு உருகவில்லை.

மறுநாளே நானும் இனாஸும் கொழும்புக்குப் போனோம். ஆய்வுகூடத்தில் டொறத்தி என்று ஒரு மிஸ், மன்னார்ப் பக்கத்து ஆள், நல்ல மனுஷி. கூட்டை வாங்கியவர் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், இதென்ன வாசம் என்று கேட்டார். நீங்கள் அத்தர் பூசி வைத்திருக்கிறீர்கள். எனக்கு முகம் எல்லாம் சூடாகிவிட்டது. பொய் சொல்ல வராமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கூட்டின் இலக்கத்தைக் கொப்பியில் பதிந்தார். பிறகு, "பதினெட்டு வருஷமா இந்த வேல செய்யிறன். சொப்பிங் பையில கொண்டுவந்திருக்கினம், கல்யாணக் காட் உறைக்குள்ள கொண்டுவந்திருக்கினம். இப்பிடி மரியாதையா ஒண்டும் வந்ததில்ல" என்றார். நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் சோதனை சரியாக வருமா என்று அவரால் வாக்குத் தர முடியவில்லை. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். அந்தப் பன்னிரண்டு நாளும் நீங்கள் கோலில் என்ன செய்கிறாய் என்று கேட்கும்போதெல்லாம் உடுப்புத் தோய்க்கிறேன், மீன் வெட்டுகிறேன் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். ஒரே சாரத்தை இரண்டு தரம் தோய்த்த நாளும் உண்டு.

முடிவுக்குப் போன அன்று மகளையும் கூட்டிப் போனேன். இனி அவளிடம் மறைக்க ஒன்றும் இல்லை. எப்படிச் சோதித்தீர்கள் என்று அவள்தான் கேட்டாள். டொறத்தி மிஸ் பொறுமையாகச் சொன்னார். வெங்காயத் தோலை விட மெல்லியதாக மெழுகைச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்களாம். அதன்மேல் ஒரு மருந்து ஊற்றுவார்களாம். நம் உடம்பு நோயோடு போராட உண்டாக்குகிறதே பிறபொருளெதிரி, அந்த மாதிரியான ஒன்று. அது கண்டபடி எதிலும் ஒட்டாது, தனக்குரியதைத் தேடிப் பிடித்து அதில் மட்டும்தான் ஒட்டும். பிறகு சாயம் விட்டால், ஒட்டிய இடம் மண்ணிறமாகத் தெரியும். இந்தப் புற்று பெண்ணின் உடம்பில் ஊறுகிற ஹோர்மோனைத் தின்று வளர்கிறதா என்று அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதைத் தின்று வளர்கிறது என்றால், அந்தத் தீனியை மறிக்க விழுங்குகிற குளிசை இருக்கிறது.

பிறகு எனக்கு நுணுக்குக்காட்டியில் காட்டினார். நான் முதலில் புற்றைத்தான் தேடினேன். அவர் அதைக் காட்டவில்லை. "முதல்ல நல்ல இடத்தைப் பாருங்க அக்கா. புற்றுக்குப் பக்கத்தில உங்கட நல்ல சதையும் கொஞ்சம் இருக்கு. அது நிறம் பிடிச்சாத்தான் சோதனைய நம்பலாம்." அந்த நல்ல இடம் நிறம் பிடிக்காவிட்டால் மண்ணும் சூடும் துண்டைக் கெடுத்துவிட்டன என்று அர்த்தமாம். அப்போது இல்லை என்று வருகிற பதிலையும் நம்ப முடியாதாம். நான் பார்த்தேன். வட்டம் வட்டமாக, ஆங்காங்கே மண்ணிறப் புள்ளிகள். நல்ல சதை நிறம் பிடித்திருந்தது. நீங்கள் அடக்கியதால் ஒன்றும் கெடவில்லை.

அதற்குப் பிறகுதான் புற்றைக் காட்டினார். அங்கே பார்த்த பக்கமெல்லாம் மண்ணிறம். ஹோர்மோனைத் தின்கிற வகைதான். வேகமாகப் பரவுகிற இன்னொரு வகை இருக்கிறதாம், அதற்கும் பார்த்திருக்கிறார்கள், அது இல்லை. போன கிழமை டொக்டரிடம் காட்டினேன். இன்னொரு சின்ன ஒபரேஷன், பிறகு கதிர் பிடிப்பது, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை. கடுமையான மருந்து இப்போதைக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறார். இப்போதைக்கு என்பதை அழுத்தித்தான் சொன்னார், நானும் அப்படியே எழுதுகிறேன். ஐந்து வருடக் குளிசை என்றால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு ஐந்து வருடம் என்று ஒருவர் சொன்னதே பெரிய சந்தோஷம்.

அந்தத் துண்டைத் திருப்பி வாங்கவில்லை. பின்னால் புதிய மருந்து, புதிய சோதனை ஏதாவது வந்தால் அதைத்தான் மறுபடி சீவிப் பார்ப்பார்களாம். ஆய்வுகூடத்து அலுமாரியில் ஒரு லாச்சிக்குள், இலக்கம் போட்டு, ஆயிரம் பெண்களின் துண்டுகளோடு அதுவும் இருக்கிறது. அடக்க வேண்டியதுதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

இனி எழுதப்போவதுதான் போனில் சொல்ல முடியாதது. ஷிம்லாவுக்கு இந்த வருடம் முடிய முன் மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி இனாஸிடம் சொன்னீர்களாம். நவம்பரில் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு என்ன அவசரம் என்று அவர் என்னிடம் கேட்டார். அவசரம் அவளுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். போன மாதம் ஒரு நாள், ஒரு காரணமும் இல்லாமல், இருபத்திரண்டு வருடத்துக் குறைகளுக்கெல்லாம் என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். நான் என்ன சொன்னாலும் ஓம் ஸும்ரா, உன்னுடைய விருப்பம் ஸும்ரா என்கிறீர்கள். கோழிக்கூட்டை உடைத்து அந்த இடத்தில் ரோஜாக் கன்று வைக்கப் போகிறேன் என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஓம் என்றீர்கள்.

நீங்கள் மையவாடியில் அடக்கியது நகத்தளவு துண்டு. அதை எடுத்தாயிற்று. மீதியாக இருக்கிற என்னையும் உங்கள் மனதில் எங்கேயோ அடக்கி வைத்து துஆ ஓதிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கிருந்தும் என்னை எடுத்துவிடுங்கள். அல்லாஹ் குறித்த நாள் வரும்போது, உங்கள் கையாலேயே, உங்கள் உம்மாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நாளை அவன் தூரமாக்கி வைக்கட்டும், உங்களை நலமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

உங்கள் உம்மாவின் காலடியை, உங்களிடம் ஒரு சொல் கேட்காமல், தோண்டச் சொன்னது நான். இத்தனை நாளாக அதை உங்களிடம் மறைத்ததும் நான். இரண்டும் பிழை. இதை வாசித்து முடித்ததும், அறையில் எத்தனை பேர் இருந்தாலும் பரவாயில்லை, கோல் எடுத்து என்னை நன்றாக ஏசுங்கள்.

கேட்கக் காத்திருக்கும்,
ஸும்ரா.