உன் அப்பாவுக்குப் பதினோரு நாள்

என் அருமை வாலுவுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். இங்கே உன் அப்பா சுகம், நல்ல சுகம், தேவைக்கு மேலேயே சுகம். என் சுகம் கடைசிப் பக்கத்தில் வருகிறது, இப்போதே காகிதத்தைத் திருப்பாதே, கதைப் புத்தகத்தைப் பின்னாலிருந்து படிக்கிற புத்தி உனக்கு இன்னும் போயிருக்காது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தால் பாய்ந்து எடுப்பவர் யார்? முதல் கால்மணி நேரம் யாருடைய நெஞ்சைப் பற்றிப் பேச்சு? அம்மா எப்படி இருக்கா என்று நீ கேட்டால், அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா என்று எனக்கும் சேர்த்துப் பதில் சொல்பவர் யார்? காகிதத்தில் அவர் குறுக்கே வர முடியாது, அதனால்தான்.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்து மூன்று மாதம் ஆகப்போகிறது, வீட்டுக்கு ஆள் வருவது இன்னும் நிற்கவில்லை. ஜன்னலோரத்தில் என் தையல் மிஷின் இருந்த இடத்தில் இப்போது அவர் நாற்காலி, மிஷின் அலமாரிக்குப் பின்னால் இருட்டில். டிப்போவில் அவரோடு டைம்கீப்பராக இருந்தவர்கள், டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பையோடு வருகிறார்கள், வந்தவர்களுக்கெல்லாம் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுகிறார், மேல்வீட்டு வக்கீலம்மாவுக்குக்கூடக் காட்டினார். அப்புறம் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலில் நரம்பு எடுத்த இடத்தையும் காட்டுவார். பெண்டாட்டிக்கு நாற்பது வருஷத்தில் ஒரு பாட்டு பாடிக் காட்டியிருப்பாரா? அந்தத் தழும்பை அவர் தூங்கும்போது என் டேப்பால் அளந்தேன். எட்டே முக்கால் அங்குலம். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் யூனிஃபார்ம் தைத்தவள் சொல்கிறேன், வேலை சுத்தம், ஒரு இடத்தில்கூடக் கோணல் இல்லை, எனக்கு அதிலும் பொறாமை. இத்தனைக்கும் அவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம்தான். எனக்கு இருபத்திரண்டு வருஷம். சீனி விஷயத்தில் இந்த வீட்டில் நான்தான் சீனியர். தினம் இரண்டு ஊசி நானே போட்டுக்கொள்கிறேன், எனக்கு ஒரு ஆரஞ்சு கொண்டுவந்தவர் உண்டா?

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு சிவப்புத் தலையணை கொடுத்தது உனக்கு நினைவிருக்கும், இருமல் வந்தால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள. நாற்பது வருஷம் கட்டின என்னை விட்டுவிட்டு அதைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தார். நீ ஊருக்குப் போன மறுவாரம் அதன் ஓரத்தைப் பிரித்து, பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடைந்த வாத்து பொம்மையிலிருந்து கீச்சு விசிலை எடுத்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். மறுநாள் டிப்போ மேனேஜர் வந்திருக்கும்போது இவர் இருமி இறுக்கிப் பிடிக்க, அது கீச்சென்று கத்த, மேனேஜர் இவர் நெஞ்சிலிருந்துதான் சத்தம் வருகிறது என்று எழுந்து நின்றுவிட்டார். சிரித்தால் வலிக்கும் என்று டாக்டர் சொன்னது எனக்கு அப்போது நினைவில்லை. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர். அது சிரிப்புத் தண்ணீர் என்றே நான் நினைத்தேன்.

போன மாதம் அவருக்கு ஆறு நிமிட நடைப் பரிசோதனை. ஆஸ்பத்திரியின் நீளமான வராண்டாவில் இந்த முனையில் ஒரு நாற்காலி, அந்த முனையில் ஒரு நாற்காலி, ஆறு நிமிடத்தில் எத்தனை தடவை போய் வருகிறார் என்று பயிற்சி கொடுக்கும் பெண் எண்ணுவாள். முந்தின தடவையை விட இவர் அதிகம் நடந்துவிட்டதாக அந்தப் பெண் கைதட்டினாள், சூப்பர் தாத்தா என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. இதென்ன பிரமாதம், நானும் நடக்கிறேன் என்றேன். வாங்கம்மா, தாத்தாவுக்கும் இன்னொரு ரவுண்டு கம்பெனி ஆச்சு என்று சிரித்தாள். முதல் இரண்டு நடை நான்தான் முன்னால், திரும்பி நாக்கைக்கூடத் துருத்திக் காட்டினேன். மூன்றாவதில் மூச்சு வாங்கியது. வலி என்று ஒன்றும் இல்லை, ஆனால் குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு நாள் முழுக்கத் தைத்தால் தாடை எப்படி இறுகும், அப்படி இறுகியது. செருப்பு வாரைச் சரி செய்வதுபோலக் குனிந்து நின்றேன். நெஞ்சைப் பிளந்து ஒட்டின எழுபத்தோரு வயது மனுஷன் என்னைத் தாண்டிக்கொண்டு, என்ன, வண்டி பிரேக்டவுனா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என்னை உட்காரவைத்து விரலில் கிளிப் மாட்டினாள். மாடி ஏறும்போதும் இப்படி வருதாம்மா, எத்தனை நாளா என்று கேட்டாள். எட்டு மாதமாக என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கோபப்படாதே. முதல் சில மாதம் வயசுக் களைப்பு என்று விட்டுவிட்டேன், சொல்லலாம் என்று நினைத்த வாரத்தில்தான் உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் சொன்னால், பாரு, அவருக்கு வந்ததும் இவளுக்கும் வேணுமாம் என்று சொல்வார்கள். ஊருக்கே தெரியும் என் பொறாமை. அதனால் என் மூச்சை நானே அமுக்கி வைத்தேன். அந்தப் பெண் கையோடு கூட்டிப்போய்க் காட்டிய இதய டாக்டரம்மா நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்டார், வயிற்றெரிச்சல்தான் உண்டு, காரணம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரொம்ப வருஷம் சர்க்கரை இருந்தால் நரம்பு மழுங்கிவிடுமாம், இதயம் அழுதாலும் செய்தி மேலே வராதாம், வலி இல்லை என்று சந்தோஷப்படக் கூடாதாம். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். வாயில் அடைப்பே இல்லாத எனக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. உன் அப்பாவுக்கும் மூன்றுதான். ஒன்றாவது கூட இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஒன்று ஸ்டென்ட், மணிக்கட்டு வழியாகவே உள்ளே ஸ்பிரிங் வைப்பது, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். மற்றது பைபாஸ். என்னைப்போலச் சர்க்கரையும் மூன்று அடைப்பும் சேர்ந்தவர்களுக்கு ஸ்டென்ட் வைத்த இடத்திலும் மறுபடி அடைக்கும், பக்கத்திலும் அடைக்கும், வருஷங்களைக் கணக்கிட்டால் பைபாஸ்தான் பெரும்பாலும் நின்று உழைக்கிறது, ஆனால் முதல் சில மாதம் கஷ்டம் அதிகம், இந்த வயதில் பக்கவாத பயமும் கொஞ்சம் உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. இற்றுப்போன துணியில் கிழிந்த இடத்தை மட்டும் இழுத்துத் தைத்தால் பக்கத்தில் கிழியும், கீழ் மடிப்பிலிருந்து நல்ல துணி எடுத்து ஒட்டுப் போட்டால் நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா ஒரே பிடியாக, உனக்கு பைபாஸ் வேண்டாம், ஸ்டென்ட் போதும் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் நினைத்துப் பார். எட்டே முக்கால் அங்குலத்துக்குப் போட்டி வந்துவிடும் என்று பயம், நாற்காலியைப் பங்கு போட வேண்டும் என்று பயம் என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். அவர் சட்டைப் பொத்தான்களை மேல் வரைக்கும் போட்டார். அப்புறம் சொன்னார், நான் காட்டினதெல்லாம் தையலைத்தான்டி, வலியை ஒருத்தருக்கும் காட்டலை, முதல் தடவை இருமினப்போ செத்துடலாம்னு இருந்தது, நீ விசில் வெச்சப்பகூட அழுதுட்டுத்தான் சிரிச்சேன், அதை நீ படறதை என்னால பார்க்க முடியாது. இத்தனை நாள் அந்த மனுஷனுக்குக் கிடைத்த ஆரஞ்சுகளை எண்ணினேனே, இதை எண்ணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். பாதியை எனக்கே கொடுத்தார், சுளையை எண்ணிப் பார்த்துத்தான்.

ஆனாலும் பைபாஸ்தான் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பயம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் உனக்குத் தெரிந்துவிடும். வருகிற மாதம் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை. அப்பாவுக்கு நடந்தபோது நீ வந்து பதினோரு நாள் இருந்தாய், அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிவிட்டாய், செய்தித்தாள் படித்துக் காட்டினாய், நான் சமையலறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு நாள் வேண்டும். மாப்பிள்ளை கோபித்தாலும் சரி, உன் ஆபீசில் சம்பளம் பிடித்தாலும் சரி, பன்னிரண்டு. ஒன்று குறைந்தாலும் தையலைப் பிரித்துக்கொண்டு எழுந்து வருவேன்.

ஆஸ்பத்திரித் தலையணைத் தையல் மட்டம் என்பதால் எனக்கான தலையணையை நானே தைத்துவிட்டேன், நீலம், அவருடையதை விட ஒரு அங்குலம் பெரிது. நேற்றுப் பையில் வைக்கும்போது அழுத்திப் பார்த்தேன், கீச்சென்றது. ஓரத்தைத் திருப்பினால் வெள்ளை நூலில் கோணல்மாணலாக ஏழு தையல். உன் அப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாது. நான் அதைப் பிரிக்கவில்லை.

நீயும் ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள், இரண்டு பக்கமும் உனக்குச் சொத்து இதுதான். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் சண்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். வரும்போது ஆரஞ்சு எனக்கு மட்டும் வாங்கி வா.

பன்னிரண்டு நாளை இப்போதே எண்ண ஆரம்பித்துவிட்ட,
உன் அம்மா