செவலைக்குச் சோறு காட்டாதீங்க

என்னங்க,

மாட்டு டாக்டரோட களம்பூருக்கு, எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அவங்க மாட்டு வயித்துலேர்ந்து டியூப் வெச்சுத் தண்ணி எடுத்து நம்ம செவலைக்கு ஊத்தணுமாம். அந்தத் தண்ணில இருக்கிற கிருமிங்கதான் வைக்கோலை செரிக்க வைக்குமாம். நேத்து மாட்டுப் பொங்கல்னு அண்டாப் பொங்கலையும் செவலைக்கே வெச்சீங்களே, அது வயித்துல புளிச்சு, அதுக்கு இருந்த கிருமி பூரா செத்துப்போச்சாம். இன்னிக்கும் அசை போடலன்னா கஷ்டம்னுட்டாரு.

தண்ணி சூடு ஆறக் கூடாதாம். நம்ம கிரண் வாங்கிக் குடுத்த பிளாஸ்க்கை எடுத்துகினு போறேன். பசங்களுக்குக் காபி ஊத்தி வெக்கக் கழுவினது, சும்மாதானே கிடக்குது.

இன்னிக்குத் தறில உக்காராதீங்க. செவலைகூடவே இருங்க. சோறு, கஞ்சி, தவுடு எதையும் காட்டாதீங்க. வைக்கோல் மட்டும் ஒரு பிடி போட்டு வைங்க. வயிறு இன்னும் உப்பினா ஜல்தியா போன் பண்ணுங்க.

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. கோவத்துல சாப்டாம கிடக்காதீங்க. அறிவு இருக்கான்னு தெருவே கேக்கக் கத்திட்டேன். கிரணும் லாவண்யாவும் பொங்கலுக்கு வரலன்னு நேத்து காலைலயே போன் பண்ணிட்டாங்க. அப்புறமும் அண்டாவை அடுப்புல ஏத்தினது நான்தானே. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பொங்கலையே பாத்துகினு உக்காந்திருந்தீங்க. நானும் பாத்தேன்.

மறந்துட்டேன். அண்டாவைத் தேய்ச்சுப் பரண்ல ஏத்திடுங்க. அப்படியே அந்தச் சின்ன குண்டானை எறக்கி வைங்க. நமக்கு அது போதும்.