கதவோரத்துப் பெயிண்ட்

12 ஜூலை, சனி

கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் இருந்தபோது என் பெயரில் வாங்கிய வெள்ளைக் காருக்குக் கறுப்பு வினைல் தாள் ஒட்ட, என்னைக் கேட்காமலேயே கடையில் நாள் குறித்துவிட்டான் ரவி. ஆர்.சி.யில் நிறம் மாற்ற என் கையெழுத்து வேண்டுமென்றதும்தான் மகனுக்கு அம்மா ஞாபகம் வந்தது. எங்கே போட வேண்டுமென்று படிவத்தில் பென்சிலால் குறி வேறு. கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவளுக்கு!

நானும் கடைக்கு வருவேன் என்றேன். கடைக்காரர் டிரைவர் பக்கக் கதவைத் தடவிப் பார்த்தார். "கண்ணாடிக்குக் கீழ பெயிண்ட் தேஞ்சிருக்குங்கம்மா. சுத்தமா தேய்ச்சு எடுத்துட்டுத்தான் ஒட்டணும்."

அது என் வீட்டுக்காரருடைய முழங்கை தேய்த்த இடம். ஜன்னலில் கையை வைக்காமல் அவருக்கு ஓட்ட வந்ததே இல்லை.

"இதுக்கெல்லாமா அழுவ?" என்று சிரித்தான் ரவி.

"நான் அழல. சாவியக் கொடு."

சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது. படிவத்தைக் கிழித்தாயிற்று.

பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம், காவிரிப் பாலத்தில் பஸ் உரசிவிடும், கையை உள்ளே வையுங்கள் என்று அவரைத் திட்டித் தீர்த்தவள் நான்தான். ஒரு நாள்கூட அவர் கேட்கவில்லை. நல்லவேளை.