ஜான்சிபாரிலிருந்து வந்த ஜோடித் துணி

புரட்டாசி 20, செவ்வாய்

மழை. ஒழுகும் இடத்தில் இரண்டு பாத்திரம், ஒரு வாளி. அமே, என் பர்மாக்கார அம்மா, விடியும் முன்பே மொகிங்கா சட்டியோடு தெருமுனைக்குப் போய்விட்டாள். மழையில் யார் வந்து மீன் குழம்பும் சேமியாவும் சாப்பிடப் போகிறார்கள்? சொன்னால் கேட்பாளா.

பத்து மணிக்குக் காசிம் பாய் வந்தார். நாகூர்க்காரர், கப்பலில் சமையல். ஜான்சிபாரில் அவரைப் பார்த்துவிட்டு வருகிறார். (அவர் என்றால் என் வீட்டுக்காரர். யாரும் படிக்காத இந்த நோட்டில்கூடப் பெயர் எழுதக் கை வரவில்லை. நல்ல கூத்து.) ஒரு பொட்டலம், ஒரு வாய்ச்செய்தி.

பொட்டலத்தில் துணி. நல்ல சிவப்பு, கறுப்புக் கரை, நடுவில் பெரிய முந்திரிப் பழம். ஒரே படம் இரண்டு தடவை, வெட்டாமல் நீளமாக.

செய்தி: கிராம்புக் கிட்டங்கி வேலை நிரந்தரம். இரண்டு அறை வீடு பிடித்தாயிற்று. பாய் தன் சம்சாரத்தோடு திரும்பிப் போகிறார், அவர்களோடு நானும் கிளம்பி வர வேண்டும்.

"செவ்வாக்கிழமை கப்பல். சனிக்கிழமை காலையில வருவேன், முடிவு சொல்லிடுங்க தங்கச்சி. டிக்கெட் எடுக்கணும்."

போக ஆசை. ஒரு வருஷமாக ஒற்றைத் தலையணை. ஆனால் அப்பா காலமானபின் அமேக்கு நான் ஒருத்திதான். மத்தியானம் அவள் வந்ததும் துணியை மட்டும் காட்டினேன். செய்தியைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

21, புதன்

தூறல். அமேக்குக் கருவாடு வாங்க லத்தா பேட்டைக்கு டிராமில். உண்மையில் பாய் தங்கியிருக்கும் வீடு அங்கே.

கேட்க வேண்டியவை:
தண்ணீர் கிணறா குழாயா.
பாம்பு.
அரிசி.
பிரசவத்துக்கு யார்.
தமிழ் பேச ஆள் உண்டா.

பாய் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னார். அது ஒரு தீவு. மாட்டு வண்டியில் ஒரு நாளில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை. ஊருக்குள் சந்து சந்தாக. எதிரே ஆள் குடையோடு வந்தால் நாம் குடையை மடக்க வேண்டும். கதவெல்லாம் பித்தளைக் குமிழ். சுல்தான் உண்டு, அவருக்கு மேலே வெள்ளைக்காரன். கடை வைத்திருப்பது குஜராத்திகள். கிராம்பு பறிக்கும் காலத்தில் வாசல், தெரு, எங்கே பார்த்தாலும் பாய் விரித்துக் காயப்போடுவார்களாம்.

"மழைக்கு முன்னாடி வாரி எடுக்க ஊரே ஓடும். உங்க வீட்டுக்காரரும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுறாரு, பாத்தேன்."

சிரித்துவிட்டேன். இங்கே குடையைக்கூட ஓடி எடுக்காத மனுஷன்.

பொழுது விடிந்தபிறகுதான் அங்கே மணி எண்ணத் தொடங்குவார்களாம். நமக்குக் காலை ஏழு, அவர்களுக்கு ஒன்று. அமே சட்டி தூக்கும் நேரம் அங்கே இன்னும் இரவுக் கணக்கு. தேங்காய்ப்பால் சோறு அங்கேயும் உண்டு. பாம்பு உண்டாம். தமிழ் பேச? "நீங்க ரெண்டு பேரு, என் சம்சாரம், கப்பல் வந்தா நானு."

அமேயிடம் இன்றும் சொல்லவில்லை. கருவாடு சரியில்லை என்று திட்டினாள்.

22, வியாழன்

வெயில். துணி துவைத்தேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் அந்தச் சிவப்புத் துணி இரண்டாக வெட்டிக் கிடக்கிறது. வெட்டியதோடு இல்லை. ஓரம் மூட்டி, இடுப்புக்குக் கறுப்புப் பட்டி வைத்து, பாவாடைபோல இரண்டு தமெய்ன் தைத்து முடித்துவிட்டாள். அளவும் சரியாகத்தான் இருந்தது. பர்மாக்காரி கையில் துணி கிடைத்தால் வேறென்ன ஆகும்!

"விளக்குத் திருவிழாவுக்கு, தமீ. நீ ஒண்ணு, நான் ஒண்ணு. பகோடா கோயிலுக்கு ஜோடியாப் போவோம்," என்கிறாள் பர்மியத்தில். தமீ என்றால் மகள். மூக்குக் கண்ணாடிக்கு மேலே அத்தனை சந்தோஷம்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். "யாரைக் கேட்டு வெட்டினே? அங்கே போய் நான் எதைக் கட்டுவேன்?"

வாய் தப்பிவிட்டது.

"எங்கே போய்?"

எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க் கப்பல் வரை. அவள் நூல் கட்டையை எடுத்து வைத்தாள். நாளைக்கு மீன் ஊறப்போட வேண்டும் என்றாள். அவ்வளவுதான்.

நான் பாவி. இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தால் தைத்திருக்க மாட்டாள்.

23, வெள்ளி

பேச்சில்லை. நானும் பேசவில்லை. அவள் பிடிவாதம்தானே எனக்கும்.

மத்தியானம் முகம் கழுவிக்கொண்டே, "அங்கே மீன் உண்டா?"

"தீவு, அமே. மீன் இல்லாமலா?"

"ம்."

சாயந்தரம் பாயை அவளே கூட்டி வந்தாள்! தெருமுனையில் கண்டவரை விடவில்லை போலிருக்கிறது. தமெய்னைப் பார்த்ததும் பாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஐயோ, இதைப் போய்த் தச்சுட்டீங்களா! இது காங்கா. அங்க பொம்பளைங்க தைக்க மாட்டாங்க, அப்படியே சுத்திக்குவாங்க. ஒண்ணு இடுப்புல, ஒண்ணு தலையில."

அமே தன் சந்தைத் தமிழில், "வெட்டினா தப்பா?"

"வெட்டலாம், வெட்டலாம். ஜோடியாத்தான் விக்கிறது. ஆத்தாளும் மகளும் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிறதும் உண்டு."

அமே அதை மறுபடி சொல்லச் சொன்னாள். புரியவில்லையோ என்று நான் பர்மியத்தில் சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு பிரசவத்துக்கு அங்கே யார் என்று கேட்டாள். மருத்துவச்சி உண்டு, ஆஸ்பத்திரியும் உண்டு என்றார்.

போகவில்லை என்று நாளைக்குப் பாயிடம் சொல்லிவிடப் போகிறேன். இவளைத் தனியே விட்டுவிட்டு நான் அங்கே தேங்காய்ப்பால் சோறு தின்ன வேண்டாம்.

24, சனி

வெயில். விழித்தபோது மொகிங்கா வாசனை இல்லை. அடுப்பே பற்றவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பதறி எழுந்தேன்.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள், கையில் பிளேடு. என் தமெய்னைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பட்டி தனியே மடித்து வைத்திருந்தது. தன்னுடையதைக் கட்டியிருந்தாள்.

"அமே, நான் போகலே."

நிமிரவில்லை. "ஓட்டை தெரியுது. ரெண்டு தடவை துவைச்சா மூடிடும்."

பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் தலையை முழங்கையால் தள்ளினாள், துணியில் கண்ணீர் படுகிறதாம்.

பாய் படியேறி வந்தார். "என்ன தங்கச்சி, முடிவு பண்ணியாச்சா?"

நான் வாயைத் திறக்குமுன் அமே தமிழில் சொன்னாள்:

"டிக்கெட் எடு, பாய். ஒண்ணு."