படித்துக் காட்டாத கடிதம்

உ
கிளியூர்
மாசி 4, 1993

அன்பு மகன் மாரிசாமிக்கு, உன் அப்பன் வேடியப்பன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நான், சென்னம்மாள், காவேரி மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். ஒரிசாவில் போர்வெல் கிணறு போடும் இடத்தில் நீயும் லாரியில் உள்ளவர்களும் நலமாக இருக்கச் சேர்வராயன் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இது காவேரியின் எழுத்து இல்லை என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். ஐப்பசியிலிருந்து அறிவொளி வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் பஸ்ஸின் நெற்றியில் 'குப்பனூர் வழி' என்று நானே படித்து ஏறினேன். கண்டக்டரிடம் சொன்னேன். "சரிங்க பெரியவரே, படிச்சது போதும், உள்ள போங்க" என்றார். இந்த அறுபத்தெட்டு வயதில் அன்றைக்கு மாதிரி நான் சந்தோஷப்பட்டதில்லை.

சந்தோஷத்தை மட்டும் எழுதி நிறுத்தியிருப்பேன். ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தினம் நாலு வரி வீதம் எழுதுவதால் கோபம் ஆறவும் மாட்டேன் என்கிறது.

உன் பெண்டாட்டியும் மகளும் பேசிக்கொண்டு இருபத்தாறு நாள் ஆகிறது. இருப்பது ஒரே அறை. இரண்டு பேருக்கும் நடுவில் நான். "மாமா, தண்ணி புடிச்சாச்சான்னு அவளக் கேளுங்க" என்பாள் சென்னம்மாள். "அப்பாரு, கொடத்த எட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்பாள் காவேரி. கை நீட்டினால் ஒருத்தி தலை ஒருத்திக்கு எட்டும். இதற்கு நான் எதற்கு?

சண்டை உன் தை மாதக் கடிதத்தால் வந்தது. எப்போதும் போல அதைக் காவேரிதான் பிரித்தாள். பார்த்தாள், மடித்தாள், "நா படிக்க மாட்டேனுங்க" என்றாள். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. "பத்தாங்கிளாஸ் வந்ததும் அப்பன் எழுத்து உனக்கு எளக்காரமாப் போச்சா?" என்று சென்னம்மாள் கரண்டியாலேயே அடித்துவிட்டாள். எஸ்டேட்டில் அடுத்த லைன் வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்றேன். "ஊட்டு சங்கதிய ஊருக்கு வாசிச்சுக் காட்டோணுமா மாமா?" என்று என்மேல் பாய்ந்தாள். கடிதம் மாடத்திலேயே கிடந்தது.

சரி, நானே படிக்கிறேன் என்று எடுத்தேன். வகுப்புப் புத்தகத்தில் எழுத்துகள் தனித்தனியாக நிற்கும். உன் கையெழுத்தோ கோழி கிளறினது போல இருக்கிறது. நாலு நாள் ஆயிற்று.

பரீட்சை முடிந்ததும் காவேரியைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, உன் லாரி டிரைவர் பெரியசாமியின் தம்பிக்குச் சித்திரையில் கட்டிக்கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். தீபாவளிக்கு எழுதியதற்கு யாரும் மறுப்புச் சொல்லாததால் சம்மதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய்.

தீபாவளிக் கடிதத்தில் அப்படி எதுவும் இருந்ததாக எங்களுக்குத் தெரியாது. கம்பியில் குத்தி வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே பேச்சுதான் இருக்கிறது. காவேரி எங்களுக்குப் படித்ததோ, அங்கே மழை அதிகம், எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான்.

முதலில் அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. பைப்படியில் தனியாக நிறுத்தி, "ஏங்கண்ணு, எழுத்துத் தெரியாதவங்கன்னு எங்கள ஏமாத்துனியா?" என்று கேட்டேன். அழவில்லை. "படிச்சுக் காட்டி நீங்களும் சரின்னு சொல்லிட்டா, நா வேற யாருகிட்டப் போய்ச் சொல்றதுங்க அப்பாரு?" என்றாள்.

மாரிசாமி, அவள் பயந்தது நியாயம்தான். நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நல்ல இடம், லாரிக்காரக் குடும்பம் என்று சொல்லியிருப்பேன்.

நீ என்ன நினைத்து எழுதினாய்? இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. அவள் கழுத்தில் ஏறப்போகிற தாலியை அவள் வாயாலேயே எங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாய். பதினைந்து வயதுப் பிள்ளை அதை எப்படிப் படிக்கும்? தீபாவளிக்கு மாற்றிப் படித்தவளுக்கு, வாக்கே கொடுத்தாயிற்று என்று பார்த்ததும் மாற்றிப் படிக்கவும் வரவில்லை. படிக்காததற்கு அடியும் வாங்கி, காரணத்தையும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடுமே.

அன்றைக்கே இரண்டு கடிதங்களையும் சென்னம்மாளுக்குப் படித்தேன். மெதுவாகத்தான் வரும், அதுவரை பொறுமையாக முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "பெத்தவளயும் கேக்கல, பொண்ணயும் கேக்கல. வாக்குக் குடுத்தவரே போய் முறிச்சுட்டு வரட்டும்னு எழுதுங்க மாமா" என்றாள். எழுதிவிட்டேன். பிறகு வெகு நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். "அவகிட்டச் சொல்லுங்க, நாளைக்குத் தக்காளிச் சோறு கட்டித் தாரேன்னு. அடிபட்ட கையில இன்னும் வலியிருந்தா எண்ணெய் போடச் சொல்லுங்க." அடுப்புப் பக்கமிருந்து காவேரி, "முட்டையும் வெக்கச் சொல்லுங்க அப்பாரு" என்றாள். அப்போதும் நடுவில் நான்தான். ஆனால் அன்று ராத்திரி ஒரே போர்வையில் படுத்தார்கள்.

அவளுக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை படிக்க வேண்டுமாம். அதற்கு மேல் என்ன என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். என்னை யாராவது யோசிக்க விட்டார்களா என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உனக்கும் அதே பதினைந்து வயதில்தான் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, எஸ்டேட் ரைட்டரிடம் கூட்டிப்போய் வேலைக்குப் பேர் கொடுத்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் மாதம் யாரிடமும் சொல்லாமல் லாரி ஏறினாய். இருபத்திரண்டு வருஷமாக வருகிறாய், போகிறாய். வந்தாலும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, எழுத்துத் தெரியாததால் இல்லை.

பெரியசாமி நல்ல மனுஷன் என்றால் புரிந்துகொள்வார். கோபித்தால் என்மேல் பழி போடு, அப்பன் கிழவன் மறித்துவிட்டான் என்று சொல். அடுத்த கடிதத்தைக் காவேரி பெயருக்கு எழுது. உத்தரவு வேண்டாம், கேள்வியாக எழுது. அவள் பதில் எழுதும் வரை நாங்கள் யாரும் குறுக்கே பேச மாட்டோம். மறுபடியும் உத்தரவுதான் என்றால் என் பெயருக்கு அனுப்பு. படிக்க ஆள் இருக்கிறது.

பங்குனியில் பரீட்சை. முடிந்தால் அதற்கு முன்னால் ஒரு நடை வா, சாமி. காப்பிப் பழம் எடுப்பு முடிந்துவிடும், எல்லோரும் வீட்டில் இருப்போம். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். எந்த ஊர் மேட்டில் லாரி ஏறினாலும் இறங்கினாலும் உன்னைச் சேர்வராயன் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பன்
சி. வேடியப்பன்

ஒட்டுவதற்கு முன்னால் இதைச் சென்னம்மாளுக்கும் காவேரிக்கும் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை.