அண்ணியின் கையெழுத்து

சிகாகோ
4 மார்ச்

அன்புள்ள உல்ஜானுக்கு,

நலம். நீ நலமா? போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறாய். அதனால் ஊருக்கு வருபவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு இங்கே குடியுரிமை கிடைத்துவிட்டது. நூரிஸை அழைத்துக்கொள்ளப் போகிறேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரே ஒரு சிக்கல். தலைச்சன் பிள்ளை பாட்டிக்கு என்ற நம் வழக்கப்படி அம்மா அவனைத் தூக்கிப்போய்த் தன் பிள்ளையாகவே பதிந்துவிட்டாள். சான்றிதழ்படி அவன் என் தம்பி. தம்பிக்கு மனுப் போட்டால் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும், மகனுக்கு என்றால் சீக்கிரம் முடியும்.

இங்கே நம்மாட்களுக்கெல்லாம் கூபன் என்றொருவன்தான் படிவம் நிரப்புகிறான். "வக்கீல் எதுக்குண்ணே, தண்டச் செலவு. பெத்தவங்க கையெழுத்து ஒண்ணு போதும்" என்கிறான். 'நான் பெற்ற பிள்ளை, தகப்பன் சமத்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு.

என் சாம்பல்நிறக் குதிரை எப்படி இருக்கிறது? அதைப் பார்த்துக்கொள்.

சமத்


நாரின்
2 ஏப்ரல்

மரியாதைக்குரிய சமத் அவர்களுக்கு,

குதிரை நலம், குட்டி போட்டிருக்கிறது. நான் நலமா என்று கேட்டதற்கும் நன்றி, எட்டு வருஷம் கழித்தாவது கேட்டீர்கள். போனில் மூன்று தரம் தலாக் சொல்லிவிட்டு இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டவருக்கு இவ்வளவு ஞாபகம் இருப்பதே பெரிது.

நாற்பதாம் நாள் உங்கள் அம்மா பிள்ளையை எடுத்துப்போனபோது மார்பில் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தேன். "வழக்கம்தானே, எதிர்வீடுதானே, எங்க போயிடப் போறான்" என்றீர்கள். பதினேழு வருஷமாக எதிர்வீட்டிலிருந்து என்னை அண்ணி என்று கூப்பிட்டான். பெற்றவள் என்று தெரிந்தேதான் கூப்பிட்டான். அண்ணி கையெழுத்துப் போட்டால் தூதரகத்தில் செல்லுமா? ஒரு வக்கீலைக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

உங்கள் தம்பியின் அண்ணி,
உல்ஜான்


சிகாகோ
30 ஏப்ரல்

உல்ஜான்,

வக்கீல் கிக்கீல் என்று கிளம்பாதே. வேண்டாததை எல்லாம் தோண்டுவார்கள். பழசுக்கு நான் என்ன செய்ய முடியும்? அம்மா கேட்டாள், கொடுத்தோம். கொடுக்காதவர்கள் நம் தெருவில் யார்?

இங்கே எனக்கு இரண்டும் பெண். என் பெயர் சொல்ல ஓர் ஆண்பிள்ளை வேண்டாமா? நூரிஸோடு பேசினேன். "எப்பண்ணே கூட்டிட்டுப் போவே?" என்று குதிக்கிறான். உன் கோபத்தை என்மேல் காட்டு, அவன் வாழ்க்கையைக் கெடுக்காதே. ஒரு வரிதான் கேட்கிறேன்.

சமத்


நாரின்
19 செப்டம்பர்

சமத்,

உனக்கு இனி மரியாதை கிடையாது.

ஜிபார் அக்காவை வக்கீலாக வைத்துவிட்டேன். பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தேடிப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். போன வாரம் தீர்ப்பு வந்தது. புதிய சான்றிதழில் தாய் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.

"தகப்பன் பேரு போடணுமாம்மா?" என்று நீதிபதி கேட்டார். பதிவுத் திருமணம் உண்டா என்று அவரே காகிதங்களைப் புரட்டினார். முல்லாவை வைத்து நிக்காஹ் முடித்துவிட்டு, பதிவு அலுவலகத்துக்கு அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்றது நீதானே? பதிவும் இல்லை, தகப்பன் பெயரும் வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். உன் அம்மா என் பெயரை எடுத்தாள், நான் உன் பெயரை எடுத்தேன். அன்று ராத்திரிதான் பதினேழு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது நீ அவனுக்கு அண்ணன்கூட இல்லை. வழக்குப் போட்டுத்தான் தகப்பனாக வேண்டும். கூபனால் ஆகாது, நல்ல வக்கீலாகப் பார். ஜிபார் அக்காவின் ஃபீஸை உன் குதிரையை விற்றுத்தான் கொடுத்தேன். குட்டியையும் சேர்த்துத்தான்.

நூரிஸ் என்னோடு பேசுவதில்லை. "என் அமெரிக்காவைக் கெடுத்துட்டீங்கல்ல" என்றதோடு சரி. அண்ணி என்றும் கூப்பிடுவதில்லை, அம்மா என்றும் கூப்பிடுவதில்லை. தட்டு வைத்தால் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். போகட்டும். சாப்பிடுவது என் வீட்டில்தான்.

நீ கேட்ட கையெழுத்து கீழே இருக்கிறது. வைத்துக்கொள்.

நூரிஸின் அம்மா,
உல்ஜான்