ஜட்ஜ் வீட்டுக்கு யாரும் வருவதில்லை

9 மார்ச் 1936, திங்கள்

இன்று நான்கு வழக்கு. ஒரு ஆடு, இரண்டு குழாயடிச் சண்டை, ஒரு அடிதடி. நரசய்யா என்ற கூலிக்காரன் ஒருவனைத் தள்ளிவிட்டுப் பல்லை உடைத்திருக்கிறான். ஏழு நாள் சிறை எழுதினேன். கும்பிட்டுவிட்டுப் போனான். எதற்குக் கும்பிட்டான்?

வார்டுக்காரர்கள் வோட்டுப் போட்டு என்னை இந்தப் பெஞ்சு கோர்ட்டில் ஜட்ஜாக உட்கார வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. பகலெல்லாம் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் ஹெட் கிளார்க். திங்களும் வியாழனும் சாயங்காலம் ஜட்ஜ். சம்பளம் கிடையாது. வோட்டுக் கேட்டபோது லாலாகுடாவில் நான் போய் உட்காராத வீடு இல்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் அதன் எதிர்வீட்டுக்காரன் மறுநாள் மனுவோடு வந்து நிற்கிறான். அதனால் போவதை நிறுத்தினேன். அவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

13 ஏப்ரல்

வருஷப் பிறப்பு. கமலம் பாயசம் வைத்தாள். நாங்கள் இரண்டு பேர்தான். சாரங்கபாணி மட்டும் வந்தான்.

அவன் பாய்லர் ஷாப் மேஸ்திரி. நான் ஜெயித்ததே அவனால்தான். வீடு வீடாகக் கூட்டிப்போய், “இவன் வாயத் தொறக்க மாட்டான், ஆனா பொய் பேச மாட்டான்” என்று சொன்னவன். இன்னும் என்னை ஜம்பு என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு நான் ஜம்புநாதன்கூட இல்லை. ஜட்ஜய்யா.

4 மே, திங்கள்

அன்னக்கிளி மனுக் கொடுத்தாள். ஒர்க்‌ஷாப் கேட்டில் இட்லி விற்கிறவள். காலில் பெரிய கட்டு. ஒரு ஃபிட்டர் அசிங்கமாக ஏதோ சொன்னானாம். இவள் பதிலுக்குக் கேட்டிருக்கிறாள். அவன் அடுப்பை எட்டி உதைத்திருக்கிறான். இட்லிப் பானையின் கொதிதண்ணீர் முழுவதும் இவள் காலில்.

பெயர் எழுதும்போது பேனா நின்றுவிட்டது. கோவிந்தராஜன். சாரங்கபாணியின் தம்பி.

“இந்த வழக்கைக் கன்டோன்மென்ட் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்” என்றேன்.

“அங்க இங்கிலீஷ்ல கேப்பாங்க. நீங்களும் விட்டுட்டா நான் யார்கிட்டப் போறதுங்க?”

அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

5 மே

சாரங்கபாணி வந்தான். உட்காரவில்லை.

“அவன் செய்யலன்னு சொல்ல வரல. கோபக்காரன். அபராதம் போடு, எவ்வளவு வேணா போடு. ஜெயில் மட்டும் வேணாம் ஜம்பு. ஒரு நாள் உள்ள போனாலும் ரயில்வேயில வச்சிக்க மாட்டான். ரெண்டு குழந்தை.”

“கோர்ட்ல பேசலாம்.”

“என்கிட்டயே கோர்ட்டுங்கிறியா?”

போய்விட்டான். கமலம் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

14 மே, வியாழன்

விசாரணை. அன்று கேட்டில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். சாட்சி சொல்ல அவர்களில் ஒருவன்கூட வரவில்லை. ஜட்கா ஓட்டும் அப்துல் ரஹீம் மட்டும் வந்தார். “ஹவ் சாப், ஆமாங்க, கண்ணால பாத்தேன். காலால உதைச்சான். அவளா வழுக்கி விழல.”

கோவிந்தராஜன் அவளாகவே வழுக்கி விழுந்தாள் என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். பயம் இல்லாத சிரிப்பு. வீட்டு ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

17 மே, ஞாயிறு

தீர்ப்பு எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அபராதம் போட்டால் என்ன? சட்டம் இடம் கொடுக்கிறது. யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நரசய்யா? ஒரு பல்லுக்கு ஏழு நாள் கொடுத்தேனே. அவனுக்கு எத்தனை குழந்தை என்று நான் கேட்டேனா? அவனுக்காகப் பேச ஒரு அண்ணன் வந்தானா?

இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறை எழுத நினைப்பது நியாயத்துக்காகவா, நியாயமானவன் என்று பெயர் வாங்கவா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

18 மே, திங்கள்

பத்து நாள் சிறை.

படித்து முடித்து நிமிர்ந்தபோது சாரங்கபாணி கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

20 ஜூன்

கோவிந்தராஜனுக்கு வேலை போய்விட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து லோத்குண்டா பக்கம் போகிறார்கள். சாமான் வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போனது. வேறு வழி இருக்கிறது. வேண்டுமென்றே இப்படிப் போனார்கள். மேலே சின்னப் பெண் ஒன்று தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் ஒளிந்தது போலாகும்.

9 ஜூலை

அன்னக்கிளி கேட்டில் இல்லை. விசாரித்துக்கொண்டு மெட்டுகூடா வரை நடந்தேன். அங்கே ஒரு மரத்தடியில் கடை போட்டிருக்கிறாள். கால் இன்னும் சரியாகவில்லை.

“நீங்க செஞ்சது தப்பில்லைங்க. ஆனா கேட்ல ஒருத்தனும் என்கிட்ட வாங்கல. எதிர்லயே நின்னு, நாயுடு கடையில வாங்கித் தின்னாங்க.”

தண்டனை கொடுத்தது நான். அனுபவிக்கிறது யார் யார் என்று பார்த்தால்—

வேண்டாம்.

12 ஆகஸ்ட்

கமலம் இன்று அரக்கோணம் போனாள். கிரிஜாவுக்கு ஏழாவது மாதம், மகளுக்குத் துணை என்று பேர். ஸ்டேஷனில் சொன்னாள்:

“குழாயடியில நான் போனா எல்லாரும் பேச்ச நிறுத்துறாங்க. ஒருத்தியும் சண்டை போடல. சண்டை போட்டாக்கூடத் தேவலைங்க. நீங்க ஜட்ஜு. நான் என்ன தப்பு பண்ணேன்?”

வண்டி நகர்ந்த பிறகு பதில் தோன்றியது. தோன்றி என்ன?

3 செப்டம்பர்

ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். சுமாராக வருகிறது.

20 நவம்பர்

பேரன் பிறந்திருக்கிறான். தந்தி வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கோர்ட்டு பியூன் பெருமாளிடம் சொன்னேன். “ரொம்ப சந்தோசம் ஜட்ஜய்யா” என்று எழுந்து நின்றான். உட்காரப்பா என்றேன். உட்காரவில்லை.

14 பிப்ரவரி 1937, ஞாயிறு

பெஞ்சு கோர்ட்டுத் தேர்தல் முடிந்தது. எனக்கு முப்பத்தெட்டு வோட்டு. சாரங்கபாணிக்கு இருநூற்றுப் பதினொன்று.

ஆமாம், அவன்தான் நின்றான். போன தடவை எனக்காக ஏறி இறங்கிய அதே வீடுகளில் இந்தத் தடவை தனக்காக ஏறி இறங்கினான். என்ன சொல்லிக் கேட்டானோ. எண்ணி முடிந்ததும் அவனுக்கு மாலை போட்டார்கள். என்னை அவன் பார்க்கவில்லை. நானும் நிற்கவில்லை.

அந்த முப்பத்தெட்டுப் பேர் யார்? ஒருவராவது வந்து சொல்லக்கூடாதா?

15 பிப்ரவரி

திங்கட்கிழமை. ஐந்தரைக்குக் கால் தானாகக் கோர்ட்டுப் பக்கம் திரும்பியது. பாதி வழியில் நினைவு வந்து திரும்பினேன்.

2 மே

ஜட்ஜ் இல்லை என்று ஆன பிறகாவது வருவார்கள் என்று நினைத்தேன். பழக்கம் விட்டுப்போய்விட்டது, அவர்களுக்கும் எனக்கும். கமலம் தீபாவளிக்குப் பிறகு வருவதாக எழுதியிருக்கிறாள்.

19 செப்டம்பர் 1937, ஞாயிறு

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். சாரங்கபாணி.

இந்தப் படி ஏறிப் பதினாறு மாதம். அவனே வந்து கூடத்தில் உட்கார்ந்தான். இளைத்திருக்கிறான்.

“பக்கத்து வீட்டு நாராயணசாமி மேல என்கிட்ட கேஸ் வந்திருக்கு” என்றான். “இன்னைக்குக் காலைல அவன் சம்சாரம் என் வீட்டுக்காரியப் பாத்ததும் கதவச் சாத்திக்கிட்டா. இருபது வருஷமா ஒரே சுவர் எங்களுக்கு.”

சோற்றுப் பானையை மூடி வைத்தேன்.

“எவன்கிட்டயும் வாயத் தொறக்க முடியல ஜம்பு. யாரோட பேசினாலும் அவன் ஆளுங்கிறான். உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?”

“கேஸைப் பத்தி என்கிட்டயும் பேசாதே.”

“பேசல.” தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். “என் தம்பி விஷயத்த நான் மறக்கல. மறக்கப் போறதும் இல்ல.”

“தெரியும்.”

இரண்டு தட்டு வைத்தேன். உப்புக் கம்மி என்றான். அவனே எழுந்துபோய் ஜாடியைத் தேடி எடுத்து வந்தான். மூன்று மணி வரை இருந்தான்.

போகும்போது படியில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று யோசித்தான் போலிருக்கிறது. பிறகு நடுத்தெருவிலேயே நடந்து போனான்.